மவுஸைப் பிடுங்கிய சுற்றறிக்கை: புதுச்சேரிப் பதிப்புச் சேவை நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

சொந்த மவுஸ், சொந்த கீபோர்டு, மணிக்கட்டுக்கு வைக்கும் திண்டு என வெளியிலிருந்து கொண்டுவரும் எந்தப் பொருளும் இனி வேலைத் தளத்துக்குள் வரக்கூடாது என்று, நான் வேலை செய்யும் நிறுவனத்தில் போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. காரணம் என்று எழுதியிருந்தது இரண்டே சொல்: தகவல் பாதுகாப்பு. மறுநாள் காலை வாசலில் செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பையாகப் பார்த்தார். அவர்மேல் வருத்தமில்லை, சொன்னதைச் செய்தார். ஆனால் அன்று திருப்பி அனுப்பப்பட்ட மவுஸ்களில் எதையும் யாரும் ஆசைக்கு வாங்கவில்லை. டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லி, சம்பளத்திலிருந்து எடுத்து வாங்கியவைதான் பெரும்பாலும். என்னுடையதும் அப்படித்தான். அதே வாரத்தில், ஷிப்டுக்கு இத்தனை பக்கம் என்றிருந்த டார்கெட்டை உயர்த்தி இன்னொரு மெயில் வந்தது. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கொஞ்சம் பயமும் உண்டு, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் பெரிய காரணம் வேறு. வேறு வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்க்கும் தோழிகளிடம் கேட்டேன். சுற்றறிக்கை இல்லாத இடத்தில் வாய்மொழி உத்தரவு, அதுவும் இல்லாத இடத்தில் உடைந்த நாற்காலி. ஆகவே வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் புதுச்சேரியில் உட்கார்ந்து பக்கம் கட்டி, அதாவது எழுத்தையும் படத்தையும் பக்கமாக அடுக்கிக் கொடுக்கும் எல்லா நிறுவனங்களின் நிர்வாகத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு கட்டுரை எங்கள் மேசைக்கு எப்படி வருகிறது, எத்தனை மணி நேரத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதில் கை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஆசிரியர் கரெக்‌ஷன் போட்டு அனுப்பிய பிடிஎஃப் ஒரு திரையில், பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன் இன்னொரு திரையில். ஒரு கரெக்‌ஷனைப் படித்து, பக்கத்துக்குப் போய், சொல்லை டபுள் கிளிக் செய்து மாற்றி, திரும்ப பிடிஎஃபுக்கு வந்து டிக் போட வேண்டும். டேபிள் வந்தால் கட்டம் கட்டமாக இழுத்து அகலம் சரிசெய்ய வேண்டும். படம் தள்ளிப் போயிருந்தால் பிடித்து இழுத்து மேலே ஏற்ற வேண்டும். இந்த இழுக்கிற வேலைதான் கையைத் தின்கிறது. ஆள்காட்டி விரல் பட்டனை அழுத்தியபடியே இருக்க, முழுக் கையும் நகர வேண்டும். நடுவில் விரல் தளர்ந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கிளிக் செய்யும்போதாவது இடையிடையே தசைக்கு ஓய்வு கிடைக்கிறது. இழுக்கும்போது அதுவும் இல்லை.

அப்புறம் அந்த மேசை. கீபோர்டுக்கு என்று கீழே ஒரு இழுப்புத் தட்டு வைத்திருக்கிறீர்கள். கீபோர்டை வைத்ததுமே அது நிறைந்துவிடும், மவுஸுக்கு இடம் கிடையாது. ஆக கீபோர்டு மடிக்கு மேலே, மவுஸ் மேசைக்கு மேலே. இடது கை தாழ்வாகவும் வலது கை உயரத்திலும், அதுவும் கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் எண் கட்டைகளைத் தாண்டி வலப்பக்கம் நீட்டியபடியும் ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். கைப்பிடி மேசையில் இடிக்கிறது என்று பல நாற்காலிகளில் அதைக் கழற்றிவிட்டார்கள். முழங்கைக்குத் தாங்கல் இல்லாததால் முன்கையின் பாரம் மேசை விளிம்பில், சரியாக மணிக்கட்டின் உள்பக்கத்தில் இறங்குகிறது. சாயங்காலம் பார்த்தால் அங்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மேசையின் சன்மைக்கா பளபளப்பு, அதில் மவுஸ் அம்பு துள்ளும். அதற்காகப் பழைய ப்ரூஃப் தாளைப் புரட்டிப் போட்டு அதன்மேல் ஓட்டுகிறோம். எனக்குக் கொடுத்திருக்கும் மவுஸின் இடது பட்டன் தேய்ந்து, ஒருதரம் அழுத்தினால் இரண்டு கிளிக்காக விழும், இல்லாவிட்டால் விழவே விழாது. எனவே தேவைக்கு மேல் அழுத்தியே எனக்குப் பழகிவிட்டது. மாற்றிக் கேட்டால், "டிக்கெட் போடுங்க மேடம்" என்கிறார் ஐடி தம்பி. டிக்கெட், அதாவது கணினி வழிப் பழுதுப் புகார், போட்டாயிற்று. அது திறந்தபடியே கிடக்கிறது.

இதில் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் வைத்தால் அவை ஏறக்குறைய இணையாக இருக்கும். சாதாரண மவுஸைப் பிடிக்க உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஓர் எலும்பு மற்றதன் குறுக்கே திரும்புகிறது. அப்படிக் கவிழ்த்த நிலையிலேயே வைத்திருக்க முன்கைத் தசைகள் ஓயாமல் இறுகியிருக்க வேண்டும். கூடவே மணிக்கட்டு மேல்பக்கமாக மடங்குகிறது, சுண்டுவிரல் பக்கமாகவும் சாய்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. மூன்று பக்கம் எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அந்தச் சந்துக்குள்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் உள்ளே அழுத்தம் கூடும். விரலால் அழுத்தினாலும் கூடும். நாங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறோம்.

நடு நரம்பு நெருக்குண்டால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறீர்களா என்பது அடுத்த கேள்வி. எங்கள் வரிசையில் இதற்கு ஆமாம் சொல்லக்கூடியவர்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். இது ஒரு வகை. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் குத்துவது இன்னொரு வகை. அது வந்தால் துணி பிழிய முடியாது, குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்க முடியாது. முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பது மூன்றாவது. அதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் எழுதித் தருகிறார்கள், டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டே இராத பெண்களுக்கு.

எனக்கு விரல் மரத்துப்போவது தெரியவந்தது மார்கழியில், வாசலில் கோலம் போடும்போது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எவ்வளவு மாவு இருக்கிறது என்றே உணர முடியவில்லை. இழை ஓரிடத்தில் தடித்தது, ஓரிடத்தில் அறுந்தது. தை பிறந்து வெயில் ஏறிய பிறகும் அந்த மரமரப்பு போகவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, பிசியோதெரபி என்று அதன் பிறகு போன வழி எங்களில் பலர் போன வழிதான். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு தோழி மேல்கம்பியை வலது கையால் பிடிப்பதையே விட்டுவிட்டாள். கையைத் தூக்கிப் பிடித்தால் தவளக்குப்பம் வருவதற்குள் விரல் செத்துப்போகிறது என்கிறாள். வேறொரு தங்கச்சி, என்னைவிட வேகமாகப் பக்கம் கட்டக்கூடியவள், போன வருடம் வேலையை விட்டுப் போனாள். ராஜினாமாவில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினாள். இப்படித்தான் உங்கள் கணக்கில் யாருக்கும் கைவலி இல்லை.

இதைப் பற்றிப் பேசப்போனால் எங்கள் எச்ஆர் பிரிவில் கிடைக்கும் பதில் எனக்குத் தெரியும். சுகர் பார்த்தீர்களா, தைராய்டு பார்த்தீர்களா, கர்ப்ப காலத்திலும் இது வருமே. உண்மைதான், இவையெல்லாமும் நடு நரம்பை நெருக்கும். இன்னும் சொல்லப்போனால், நீங்கள் தேடிப்பிடித்து எங்களுக்குக் காட்டக்கூடிய ஆய்வுகளும் உண்டு. டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான தொழில்நுட்பப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு, மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்குக் கணினியைப் பெரிய குற்றவாளியாகச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு முடிவையும் சேர்த்துப் படியுங்கள்: வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களுக்கு முன்கை வலி புதிதாக வருவது கூடுகிறது. எங்கள் வாரம் 48 மணி நேரம். அதில் கை மவுஸிலிருந்து விலகியிருக்கும் நேரம் எவ்வளவு என்பது உங்கள் புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அப்புறம், சுகரும் தைராய்டும் உள்ளவர்களுக்கு நரம்பு சீக்கிரம் நெருக்குண்ணும் என்றால், அவர்களுக்கு நல்ல மேசை கொடுக்க அது இன்னுமொரு காரணம். கொடுக்காமலிருக்க அல்ல.

நான் வாங்கியது வெர்டிகல் மவுஸ். கை குலுக்க நீட்டும் வாட்டத்தில் பிடிப்பது, உள்ளங்கை கவிழ வேண்டியதில்லை. அதை ஒரு சர்வரோக நிவாரணியாக உங்களிடம் விற்க வரவில்லை. இது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்வதைக் குறைக்கிறது என்று அளந்து காட்டியவர்களே, நரம்புச் சந்துக்குள் அழுத்தம் குறையவில்லை என்றும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. முன்கையின் இறுக்கமும் தோள் வலியும் இந்த மவுஸால் நன்றாகக் குறைந்தன. விரல் மரத்துப்போவதற்கு உதவியது இரவுப் பட்டைதான். அலுவலகப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த, கோக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும் இதே மாதிரிதான் பேசுகிறது: முன்கையைத் தாங்கும் பலகையும் மாற்று மவுஸும் சேர்ந்து கொடுத்தால் கழுத்து, தோள் தொல்லைகள் குறையக்கூடும். மவுஸை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகும் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வில்லியனூரிலிருந்து வரும் ஒரு தம்பிக்கு வெர்டிகல் மவுஸ் சுத்தமாக ஒத்துவரவில்லை. அவனுக்கு டிராக்பால் சரியாக இருந்தது, அதில் கை நகராது, உருண்டையை மட்டும் உருட்டினால் போதும். ஆனால் கட்டைவிரலால் உருட்டும் டிராக்பாலைக் கட்டைவிரல் அடியில் வலி உள்ளவரிடம் கொடுத்தால் வலி கூடும். கையின் அளவும் முக்கியம். என் மவுஸை வாங்கும்போதே சிறிய அளவு எது என்று தேடித்தான் வாங்கினேன், கடையில் முதலில் காட்டியது என் விரல் எட்டாத சைஸ். எங்கள் தளத்தில் பெண்கள்தான் அதிகம். எல்லோருக்கும் ஒரே மவுஸ், அதுவும் டெண்டரில் விலை குறைந்த மவுஸ் என்பது எந்தக் கையை நினைத்து எடுத்த முடிவு?

கொத்தனார் வேலைக்கு வரும்போது தன் கரணையைத் தானே கொண்டுவருவார். அதை வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டு, உள்ளே கிடக்கும் துருப்பிடித்ததை எடுத்துப் பூசு என்று எந்த மேஸ்திரியும் சொல்வதில்லை.

தகவல் பாதுகாப்பு என்ற காரணம் பொய் என்று சொல்லமாட்டேன். மவுஸ் மாதிரியே தோற்றமளித்து, செருகியதும் கீபோர்டாக நடித்துத் தானே கட்டளைகளை அடிக்கும் சாதனங்கள் உண்டு. பல பெரிய கம்பெனிகளின் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்களில் ஓட்டை இருப்பது 2016-ல் மவுஸ்ஜாக் என்ற பெயரில் வெளிவந்தது. வாடிக்கையாளரான வெளிநாட்டுப் பதிப்பகத்தின் தணிக்கையாளர் இதைக் கேட்டால் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும், புரிகிறது. ஆனால் அதற்கான வழி எங்கள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவது இல்லை. கம்பி உள்ள நல்ல மவுஸ்களை நிறுவனமே பில்லோடு வாங்கட்டும். ஐடி பிரிவு சோதித்து, அந்த மாடலின் அடையாள எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்கட்டும். இதற்கான வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. பென்டிரைவைத் தடுக்கத் தெரிந்த ஐடி பிரிவுக்கு இது ஒரு மதிய நேர வேலை. செலவு என்கிறீர்களா? சாதாரண கம்பி வெர்டிகல் மவுஸ் ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. ஒரு புது ஆளை எடுத்து, ஜர்னல் ஸ்டைல் எல்லாம் பழக்கி, டார்கெட்டுக்குக் கொண்டுவர நீங்கள் செலவழிப்பது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதா?

தணிக்கையாளர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அவர்கள் வரும்போது பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள், கேமராவைப் பார்க்கிறார்கள், பேப்பர் கிழிக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். நாற்காலியைக் குனிந்து பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அவர்கள் நாட்டில் நிலைமை வேறு. திரை முன் வேலை செய்பவர்களின் இருக்கை, மேசை, ஓய்வு இடைவேளை எல்லாவற்றையும் முதலாளிதான் மதிப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று 1990-லேயே ஐரோப்பியச் சமூகம் உத்தரவு போட்டது. பிரிட்டன் 1992-ல் அதைத் தன் விதிமுறையாக்கியது. அதாவது ஒரே கட்டுரையை லண்டனில் உட்கார்ந்து திறப்பவரின் மணிக்கட்டுக்குச் சட்டம் உண்டு, இங்கே அதற்குப் பக்கம் கட்டுபவரின் மணிக்கட்டுக்கு இல்லை. எலும்பு மருத்துவ இதழ்களும் பணியிட மருத்துவ இதழ்களும் எங்கள் தளத்தின் வழியாகத்தான் போகின்றன. மணிக்கட்டு அழுத்தத்தைப் பற்றிய டேபிளைக் கட்டம் கட்டமாக இழுத்துச் சரிசெய்தபோது என் விரல் மரத்திருந்தது. சிரிப்பு வந்தது, வேறென்ன செய்ய.

நம் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். என் அப்பா இதே ஊரில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தவர். இடது கையில் எழுத்தைக் கோக்கும் ஸ்டிக், வலது கையால் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோப்பார். மத்தியானம் கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூடாது என்பதில் அந்த முதலாளி கறாராக இருப்பாராம். ஈயம் விஷம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்கும் தெரியும்: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் 29-ல், முதலில் இருந்ததே ஈய நஞ்சுதான். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் அதில் இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025-ல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஏறக்குறைய அதே பட்டியல். அப்பாவின் தொழில் நோய் முதல் வரியில் இருக்கிறது. அதே தொழிலின் அடுத்த தலைமுறை வேலையைச் செய்யும் மகளின் நோய் பட்டியலிலேயே இல்லை. தந்தி அடிப்பவர்களின் கைத்தசைப் பிடிப்பைப் பிரிட்டன் 1908-லேயே நட்டஈட்டுக்குரிய நோயாக ஏற்றது. ஐ.எல்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும், கட்டைவிரல் தசைநாண் வீக்கமும், முழங்கை வலியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. நம் பட்டியலில் ஏறும்வரை நீங்கள் காத்திருக்கலாம். சட்டப்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டுச் செத்து, மறு ஆண்டே எட்டு மணி நேர வேலையை வாங்கிய ஊர் இது. அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் எங்கள் கை போய்க்கொண்டிருக்கிறது.

மருத்துவச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. என் சம்பளம் 21,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டியதும் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு நின்றுபோனது. கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பிசியோதெரபிக்கு யாரும் படுப்பதில்லை. சம்பள உயர்வு வந்த வருடம்தான் கையில் காசு குறைந்தது.

யோகா போஸ்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேன்டீன் சுவரில் விரலை மடக்கி நீட்டும் படங்களோடு ஒன்று ஒட்டியிருக்கிறது. நல்ல போஸ்டர்தான். ஆனால் தளத்தில் ஒருவர் மவுஸை விட்டுக் கையை நீட்டி மடக்கினால் திரையின் ஓரத்தில் ஐடில் டைம், அதாவது வேலை செய்யாத நேரக் கணக்கு, ஓட ஆரம்பிக்கிறது, மாதக் கடைசியில் அது அப்ரைசலில் வந்து நிற்கிறது. அரை மணிக்கு ஒருமுறை கையை எடுக்கச் சொல்லும் வொர்க்ரேவ் என்ற இலவச மென்பொருளைச் சிலர் போட்டு வைத்திருந்தோம். அனுமதியில்லாத மென்பொருள் என்று அதையும் நீக்கிவிட்டார்கள். போஸ்டரை ஒட்டுவதும் நீங்கள், மீட்டரை ஓட்டுவதும் நீங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

முதலில் அந்தச் சுற்றறிக்கை. டாக்டர் சீட்டோ பிசியோதெரபிஸ்ட் சீட்டோ உள்ளவர்களின் கம்பி மவுஸை ஐடி பிரிவு பார்த்து, இந்த வாரமே அனுமதியுங்கள். சீட்டு இல்லாதவர்களை, சீட்டு வாங்கும் அளவுக்குக் கை கெடும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். மூன்று மாதத்துக்குள் நிறுவனமே மவுஸ்களை வாங்கட்டும். ஒரே மாடலை மொத்தமாக வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய கை, பெரிய கை, இடது கை ஆகியவற்றுக்கான வெர்டிகல் மவுஸ்கள், விரலால் உருட்டும் டிராக்பால், நல்ல சாதாரண மவுஸ் என்று ஒரு அலமாரியில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கட்டும். தேய்ந்த மவுஸுக்கு டிக்கெட் போட்டால் அன்றைக்கே மாற்று வர வேண்டும்.

மேசையில் கீபோர்டும் மவுஸும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். இழுப்புத் தட்டைக் கழற்றினாலே பாதி வேலை முடிந்தது. மேசை உயரமாகிவிடும் ஆட்களுக்குக் காலடியில் ஒரு பலகை கொடுங்கள். கழற்றிய கைப்பிடிகள் ஸ்டோரில்தான் கிடக்கின்றன, மாட்டித் தாருங்கள். எண்களை அதிகம் அடிக்காத பிரிவுகளுக்கு எண் கட்டை இல்லாத சின்ன கீபோர்டு கொடுத்தால் மவுஸ் உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். அடிக்கடி செய்யும் வேலைகளுக்கு ஷார்ட்கட்டும் ஸ்கிரிப்டும் எழுதித் தர எங்களிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள், டேபிள் அகலத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்வது குறையும்.

உயர்த்திய டார்கெட்டை நிறுத்தி வையுங்கள். இது பேரம் பேசக் கேட்பது இல்லை. அரை மணிக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கை மவுஸை விட்டு எழும் நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும், ஐடில் டைம் என்று விழக்கூடாது. அந்த இடைவேளையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு டார்கெட் எவ்வளவு என்று எங்கள் முன்னிலையில் நிர்ணயியுங்கள். நீக்கிய இடைவேளை மென்பொருளை ஐடி பிரிவே சோதித்து எல்லாக் கணினியிலும் போடட்டும்.

கை வலிக்கிறது என்று ஒருவர் முதல் முறை சொல்லும்போதே எழுதி வைக்கும் ஒரு பதிவேடு வேண்டும். சொன்னவரின் அப்ரைசலில் அது எந்த வடிவத்திலும் வரக்கூடாது. அவருக்குச் சில வாரங்கள் மவுஸ் குறைந்த வேலை, ப்ரூஃப் படிப்பதோ கட்டுரை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய க்வெரி எழுதுவதோ, சம்பளம் குறையாமல் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பணியிட மருத்துவம் தெரிந்த ஒரு டாக்டர் தளத்துக்கு வந்து, நாங்கள் உட்கார்ந்து வேலை செய்யும்போது பார்க்கட்டும். புறநோயாளிப் பிசியோதெரபியையும் அடக்கும்படி குழுக் காப்பீட்டை மாற்றி எழுதுங்கள். வேலையை விட்டுப் போகிறவர் கையால் போகிறார் என்றால் கை என்றே எழுத விடுங்கள்.

இதையெல்லாம் முடிவு செய்ய நீங்கள் கூட்டும் கூட்டத்தில் டீம் லீடர்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள். பக்கம் கட்டும் பேஜினேஷன், கிராஃபிக்ஸ், கட்டுரைக்குக் கணினிக் குறியீடு போடும் எக்ஸ்எம்எல் பிரிவுகளிலிருந்து வேலை செய்பவர்கள் வர வேண்டும், அதில் பெண்களும் நைட் ஷிப்டு ஆட்களும் இருக்க வேண்டும். எது முடியும், எது முடியாது, முடியாது என்றால் ஏன் என்று மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மெயிலில் அனுப்பினால் போதாது, தளத்து நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டுங்கள். நைட் ஷிப்டு உட்காரும் மாடியிலும் ஒன்று.

இப்படிக்கு,
ஒரு பேஜினேஷன் ஆபரேட்டர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி